நடுவர்களை உருவாக்கிய பக்

ஒரு விளையாட்டுப் போட்டி முடிந்ததும் வென்ற அணியின் பெயரை எல்லோரும் சொல்வர். மிகுதியாகப் புள்ளி எடுத்தவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவர். தோற்ற அணியையும் ஓரிருவர் தேற்றுவர். ஆனால் அந்த ஆட்டம் முழுவதும் வீரர்களுக்கு இணையாக ஓடி, ஒருமுறையும் பந்தைக் கூடையில் போடாமல், ஊதலும் கையுமாக நின்ற நடுவரின் பெயரைக் கேட்பார் எவருமிலர். அவர் பெயர் ஊராரின் வாயில் அடிபடுவது அவர் தவறாகத் தீர்ப்புச் சொன்னதாகக் கருதப்படும் நாளில்தான். பேர்பெற்ற போட்டிகளிலேயே இந்நிலை என்றால், பரிசும் பட்டமும் இல்லாமல் பொழுதுபோக்காக ஆடப்படும் சிறு போட்டிகளின் நடுவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகையோரை நூற்றுக்கணக்கில் உருவாக்குவதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். அவர் ஹாரி குரோ பக்.

பக் 1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்தில் உள்ள பெருநகரம் வேறு. இது ஆற்றங்கரையில் அமைந்த சிறிய ஊர். அதே 1884ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஜோசப் ஹட்சன் என்பவர், உள்ளே சிறு உருண்டை சுழன்று ஓசை எழுப்பும் விசிலை உருவாக்கினார். உலகின் விளையாட்டுத் திடல்களில் நெடுங்காலம் ஒலித்த ஊதல் அதுவே. பிற்காலத்தில் பக் ஏற்ற பணியை எண்ணிப் பார்த்தால், இந்தப் பொருத்தம் தற்செயலானது என்றாலும் சுவையானது.

பக் ஏழு வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1891ஆம் ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒரு புது விளையாட்டுப் பிறந்தது. அங்கே கிறித்தவ இளைஞர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. வெளியே பனி மூடிக் கிடந்த குளிர்காலம் அது. திடலில் ஆட இயலாமல் உள்ளரங்கிலேயே ஒரே வகை உடற்பயிற்சிகளைச் செய்து சலித்துப்போன மாணவர்கள் ஆசிரியர்களைப் பாடாய்ப் படுத்தினர். அவர்களுக்கு ஏற்ற உள்ளரங்க விளையாட்டு ஒன்றை இரண்டு வாரத்திற்குள் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. கால்பந்து போன்ற வெளியரங்க ஆட்டங்களைச் சற்று மாற்றி உள்ளே ஆட வைத்துப் பார்த்தார். மாணவர்கள் மோதிக் காயமுற்றதுதான் மிச்சம். மோதலுக்குக் காரணம் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே என்பது அவருக்குப் புலப்பட்டது. பந்தோடு ஓடுவதை அவர் விலக்கினார். இலக்கைத் தரையில் வைத்தால் பந்தை வேகமாக எறிவார்கள், எல்லோரும் இலக்கை மறைத்து நிற்பார்கள் என்பதால் அதைத் தலைக்கு மேலே, பத்தடி உயரத்தில் அமைத்தார். பீச் பழம் கொண்டுவரும் கூடைகள் இரண்டு, மேல்மாடக் கைப்பிடியில் இருபுறமும் அறையப்பட்டன. பதினெட்டு மாணவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, கால்பந்தைக் கொண்டு ஆடினர். அந்த முதல் ஆட்டத்தில் பந்து ஒரே ஒருமுறைதான் கூடையில் விழுந்தது.

நெய்ஸ்மித் அன்று எழுதி ஒட்டிய விதிகள் பதின்மூன்று. அவற்றுள் இரண்டு விதிகள் வீரர்களைப் பற்றியவை அல்ல. நடுவர்களின் கடமையைச் சொல்பவை. ஒரு நடுவர் ஆட்களைப் பார்க்க வேண்டும். தள்ளுதல், பிடித்தல், இடறிவிடுதல் போன்ற தவறுகளைக் குறித்துக்கொள்வதும், தவறு மிகுந்தவரை வெளியேற்றுவதும் அவர் வேலை. மற்றொரு நடுவர் பந்தைப் பார்க்க வேண்டும். பந்து எந்த அணிக்கு உரியது, எல்லையைக் கடந்ததா, கூடையில் விழுந்ததா என்று தீர்ப்பதும், நேரத்தைக் கணக்கிடுவதும் அவர் வேலை.

இந்தப் பிரிவினையில்தான் நெய்ஸ்மித்தின் கூர்மை தெரிகிறது. மனிதக் கண் இயல்பாகவே பந்தின் பின்னால் ஓடும். பந்தைத் தொடரும் கண்ணுக்கு, பந்தில்லாத இடத்தில் ஒருவர் மற்றவரை முழங்கையால் இடிப்பது தெரியாது. இடிபட்டவருக்கோ வேறெதுவும் தெரியாது. அவர் நடுவரை நம்ப மறுக்கும் நொடியில் விளையாட்டுச் சண்டையாகிறது. ஆகவே பந்துக்கு ஒரு கண், ஆட்களுக்கு ஒரு கண் என்று முதல் நாளிலேயே வகுத்தார். இன்றும் இரு நடுவர் உள்ள ஆட்டத்தில் ஒருவர் கூடைக்கு அருகிலும் மற்றவர் ஆட்டத்தின் பின்னாலும் நின்று, தத்தம் பகுதியைப் பார்ப்பதற்கு வேர் இதுவே. சிறு போட்டிகளில் பெரும்பாலும் ஒருவரே நடுவராக இருப்பார். இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருவர் செய்வது எளிதன்று. ஒரே இடத்தில் நின்றுகொண்டு அவரால் தீர்ப்புச் சொல்ல இயலாது. வீரர்கள் இருவர் நெருங்கும்போது அவர்களுக்கு இடையே உள்ள இடைவெளி தம் கண்ணில் படும்படி அவர் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். முதுகை மட்டும் பார்த்துவிட்டு ஊதினால் அது ஊகம், தீர்ப்பாகாது.

பக் வளர்ந்து, இதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் உடற்கல்வி பயின்றார். அவர் அங்கே சேர்வதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, 1895இல், நெய்ஸ்மித் அந்நகரை விட்டுச் சென்றுவிட்டார். எனினும் அவர் விட்டுச்சென்ற விளையாட்டு அங்கே செழித்திருந்தது. அப்பள்ளியின் மாணவர்கள் சங்கத்தின் ஊழியர்களாக உலகெங்கும் சென்றபோது கூடைப்பந்தும் உடன் சென்றது. முதல் ஆட்டத்தில் ஓர் அணிக்குத் தலைமை ஏற்ற டங்கன் பேட்டன் என்பவரே 1894இல் அதை இந்தியாவிற்குக் கொணர்ந்தார். ஆயினும் ஒரு விளையாட்டு ஒரு நாட்டிற்கு வந்து சேர்வது வேறு. அந்நாட்டின் பள்ளிகளில் வேரூன்றுவது வேறு. முன்னதற்கு ஒரு பந்தும் இரண்டு கூடைகளும் போதும். பின்னதற்கு அதை நடத்தத் தெரிந்தவர்கள் ஊர்தோறும் வேண்டும்.

முதல் உலகப் போர் முடிந்ததும், 1919இல், பக் சென்னைக்கு வந்தார். அக்காலப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில்தான். படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் டிரில் மாஸ்டர்களாக அமர்ந்து, மாணவர்களை வரிசையாக நிறுத்தி, கட்டளையிட்டுக் கையையும் காலையும் அசைக்க வைப்பர். கட்டளையிடுபவர் ஒருவர், கீழ்ப்படிபவர் பலர் என்பதே அதன் அமைப்பு. விளையாட்டுக்கு அது பொருந்தாது. விளையாட்டில் என்ன செய்வது என்று முடிவெடுப்பவர்கள் ஆடுபவர்களே. அவர்களுக்கு மேலே இருப்பது விதி. நடுவருக்கும் அந்த விதிதான் மேலானது. டிரில் மாஸ்டர் தாம் விரும்பிய நேரத்தில் ஊதலாம். நடுவர் விதி சொன்ன இடத்தில் மட்டுமே ஊதலாம். இந்த வேறுபாட்டை உணர்ந்த ஆசிரியர்களை உருவாக்காமல் பள்ளிகளில் விளையாட்டை வளர்க்க இயலாது என்று பக் கண்டார்.

1920ஆம் ஆண்டில் சென்னை எஸ்பிளனேடில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் உடற்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தொடக்கத்தில் சேர்ந்த மாணவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அப்பள்ளியே வளர்ந்து, பின்னாளில் நந்தனத்தில் பரந்த திடல்களுடன் அமைந்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆயிற்று. உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென இந்தியாவில் எழுந்த முதல் கல்லூரி என்று அது போற்றப்படுகிறது. ஓட்டத்திலோ ஆட்டத்திலோ வல்லவராக இருப்பது மட்டும் அங்கே போதவில்லை. உடலின் அமைப்பைக் கற்க வேண்டும். கற்பிக்கும் முறையைக் கற்க வேண்டும். பல விளையாட்டுகளின் விதிகளை அறிந்து அவற்றை நடத்தவும் வேண்டும். தம்மைவிட நன்றாக ஆடுபவர்களின் ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்வது எத்தகைய பணி என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவர்.

அந்நாளைய கூடைப்பந்து நடுவருக்கு இன்றைய நடுவரைவிட ஒருவகையில் வேலை மிகுதி. அப்போது ஒவ்வொரு முறை பந்து கூடையில் விழுந்ததும் ஆட்டம் நடுக்கோட்டிற்குத் திரும்பும். இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் எதிரெதிரே நிற்க, நடுவர் பந்தை நேராக மேலே எறிய வேண்டும். பந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் சாய்ந்த பக்கத்து வீரருக்கு ஆதாயம். ஆகவே நேராக எறிவதே ஒரு தேர்ச்சியாக இருந்தது. 1937இல்தான் அமெரிக்க விதிகள் இந்த முறையைக் கைவிட்டன. இதைப் போலவே வேறு விதிகளும் மாறிக்கொண்டிருந்தன. தவறு இழைக்கப்பட்டால் கிடைக்கும் தடையில்லா எறிதலை, தொடக்கத்தில் அணியின் சார்பாக அதில் வல்லவர் ஒருவரே எறிந்துவந்தார். 1920களின் நடுவில், தவறுக்கு ஆளானவரே எறிய வேண்டும் என்று விதி மாறியது. திருச்சியில் பழைய விதியும் மதுரையில் புதிய விதியும் வழங்கினால், இவ்விரு ஊர் அணிகளும் சந்திக்கும் நாளில் நடுவர் எந்த விதியைச் சொன்னாலும் ஓர் அணி அதை ஏமாற்று என்றே கருதும். யார் மீதும் குற்றமில்லாமலே பகை மூளும்.

இதற்கு மருந்தாகப் பக், விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து ஒரு நூலாக்கினார். ஒய்.எம்.சி.ஏ. பதிப்பகம் அதை வெளியிட்டது. மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்ட அந்த நூல் உடற்கல்வி ஆசிரியர்களின் கையில் நெடுங்காலம் இருந்தது. தொலைக்காட்சி இல்லாத காலம் அது, வானொலியும் அரிது. ஒரு சிற்றூர் ஆசிரியருக்குச் சந்தேகம் எழுந்தால் கேட்பதற்கு அருகில் ஆளில்லை. அவருக்கு அந்த நூலே துணை. வியாயாம் என்னும் பெயரில் ஓர் இதழும் அவர் கல்லூரியிலிருந்து வெளிவந்தது. உடற்பயிற்சியைக் குறிக்கும் இந்திய மொழிச் சொல்லையே இதழுக்குப் பெயராக இட்டது கருதத்தக்கது.

மேனாட்டு விளையாட்டுகளை மட்டும் அவர் பரப்பினார் என்று எண்ணிவிடலாகாது. இந்த மண்ணின் விளையாட்டுகளையும் உடற்பயிற்சிகளையும் மதித்துப் பாடத்திட்டத்தில் சேர்த்தார். நம் சடுகுடு ஆட்டம் ஊருக்கு ஊர் வெவ்வேறு முறையில் ஆடப்பட்டு வந்தது. ஓர் ஊரில் பிடிபட்டவர் வெளியேற வேண்டும். வேறோர் ஊரில் திரும்பி வரலாம். இவ்வாறான ஆட்டங்களை எழுத்து விதிக்குள் கொண்டுவந்தால் ஊர்களுக்கிடையே போட்டி நடத்த இயலும். அதே வேளையில் ஒவ்வோர் ஊரும் தனக்கென வைத்திருந்த முறைகள் மெல்ல மறையும் என்பதும் உண்மை. பொது விதி இலவசமாகக் கிடைப்பதில்லை.

அக்கால இந்தியாவில் இந்தப் பொது விதிக்கு மற்றொரு தேவையும் இருந்தது. பம்பாயின் புகழ்பெற்ற கிரிக்கெட் போட்டியில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று இனத்தாலும் சமயத்தாலும் பிரிந்த அணிகள் மோதின. சென்னையில் பொங்கலை ஒட்டி நடந்த கிரிக்கெட் ஆட்டம் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையிலானது. ஆள்பவரும் ஆளப்படுபவரும், மேல் என்றும் கீழ் என்றும் பிரிக்கப்பட்டவர்களும் ஒரே திடலில் இறங்கும்போது, யாருடைய ஊதலுக்கு யார் நிற்பது? சம்பளம் குறைந்த ஒரு பள்ளி ஆசிரியர், வீதியில் எதிர்ப்பட்டால் தாம் ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒருவருக்கு எதிராகத் திடலில் தவறு என்று ஊத வேண்டியிருக்கலாம். அந்த ஆசிரியருக்குப் பதவி இல்லை, செல்வம் இல்லை. விதி மட்டுமே இருந்தது. அதை அவர் ஐயமின்றி அறிந்திருந்தால்தான் கை நடுங்காமல் ஊத இயலும். நடுவர் பயிற்சியின் உண்மையான எடை இங்கேதான் இருந்தது.

பக்கின் பணி சென்னையோடு நிற்கவில்லை. 1924ஆம் ஆண்டு பிப்ரவரியில் தில்லியில் அனைந்திந்திய ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தன. இன்று தேசிய விளையாட்டுகள் என்று வழங்கும் போட்டியின் தொடக்கம் அதுவே. பல மாகாணங்களிலிருந்து வீரர்கள் வந்து கூடினர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பஞ்சாபில் அளந்த தாண்டுதலும் சென்னையில் அளந்த தாண்டுதலும் ஒரே முறையில் அளக்கப்பட்டவைதாம் என்று எப்படி நம்புவது? எல்லோரையும் ஓரிடத்தில் நிறுத்தி, ஒரே நாடாவாலும் ஒரே கடிகாரத்தாலும் அளப்பதுதான் வழி. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு குழு அவ்வாண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றது. அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த கண்ணூரைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் அக்குழுவில் இடம்பெற்று, 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். குழுவின் மேலாளராக உடன் சென்றவர் பக்.

இதனைத் தொடர்ந்து 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றியது. சர் தோராப்ஜி டாடா தலைவராகவும், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த நோரன் செயலாளராகவும் அமைந்தனர். மாகாணங்களில் விளையாட்டுச் சங்கங்கள் உருவாவதற்கு நோரனைப் போலவே பக்கும் பாடுபட்டார். கூட்டம் கூட்டுவது, விதியை விளக்குவது, போட்டிக்கு நாள் குறிப்பது, நடுவர்களைத் தேடுவது என்பன புகழ் தேடித் தரும் வேலைகள் அல்ல. இவை செய்யப்படாத இடத்தில் மற்ற எதுவும் நடப்பதில்லை என்பது மட்டும் உறுதி.

கூடைப்பந்துக்கும் தில்லியே தேசிய மேடையாயிற்று. ஆடவருக்கான முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1934இல் புதுதில்லியில் நடைபெற்றது. ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு வகுப்பின் சலிப்பைப் போக்கப் பிறந்த ஆட்டம் நாற்பத்து மூன்றாவது ஆண்டில் இந்தியாவின் மாகாணங்களை மோத வைத்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1936இல், பெர்லின் ஒலிம்பிக்கில் அது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. முதுமை எய்திய நெய்ஸ்மித் அதை நேரில் கண்டார். அமெரிக்காவும் கனடாவும் மோதிய இறுதி ஆட்டம் திறந்த வெளி மண் திடலில், கொட்டும் மழையில் நடந்தது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. மொத்தம் எடுக்கப்பட்ட புள்ளிகள் இரு அணிக்கும் சேர்த்து 27 மட்டுமே. நெய்ஸ்மித் 1939இல் மறைந்தார்.

சென்னையில் பக்கின் கல்லூரி இதற்குள் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்களை ஈர்த்தது. சென்னை மாகாண அரசும் பள்ளிகளின் உடற்கல்வி குறித்து அவருடைய அறிவுரையைப் பெற்றது. அவருடைய மனைவி மேரி பக் இப்பணியில் அவருக்கு இணையாக நின்றார். பெண்கள் திடலில் இறங்குவதையே பலர் ஏற்காத அக்காலத்தில், உடற்கல்வி ஆசிரியைகளாகப் பயிற்சி பெறவும் அக்கல்லூரி வழி திறந்தது. ஆண்களின் ஆட்டத்தை ஒரு பெண் நடுவராக நின்று நடத்தும் காட்சி அன்று எவர் கற்பனையிலும் இருந்திருக்காது. இன்று அது அரிதான காட்சி அன்று.

இருபத்து நான்கு ஆண்டுகள் இந்த மண்ணில் உழைத்த பக், 1943ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் சென்னையில் காலமானார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இந்தியா விடுதலை பெற இன்னும் நான்காண்டுகள் இருந்தன. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950இல் உருவானதையும், 1951 மார்ச்சில் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கூடைப்பந்து அணி களமிறங்கியதையும் அவர் காணவில்லை.

நந்தனம் கல்லூரியில் அவர் பெயரால் நினைவுப் போட்டிகள் நடத்தப்பட்டு வருகின்றன. உடற்கல்வி ஆசிரியராகப் பயிற்சி பெறுவோர், ஆட்டத்தை நடத்தும் முறையையும் கற்கின்றனர். அவர்களுக்கு முதலில் சொல்லித் தரப்படும் சைகைகள் எளியவை. கடிகாரத்தை நிறுத்த விரித்த உள்ளங்கையை உயர்த்த வேண்டும். ஒருவர் மற்றவரை இடித்த தவறு என்றால் மடக்கிய கையை உயர்த்த வேண்டும். பந்தோடு நடந்துவிட்டார் என்றால் மடக்கிய இரு கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சுழற்ற வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த நடுவர் தில்லியில் பஞ்சாபிச் சிறுவர்களுக்கும் வங்காளச் சிறுவர்களுக்கும் இடையே ஆட்டத்தை நடத்த இவையே போதும்.